கொடுவா மீனும் ஒரு போன் காலும்

போன வருஷம் ஆடி மாசம், ஒரு மத்தியானம். ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் நெஞ்சு அடித்த அடியை நினைத்தால் இப்போதும் படபடப்பாக இருக்கிறது.

முதலில் எதிர் வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் கணவர் ஃபைபர் படகில் மீன் பிடிக்கப் போகிறவர். கொஞ்ச நாள் முன்னால் கரையில் நின்ற அவர் படகிலிருந்து இன்ஜினை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இன்ஜின் போனதைவிடப் பெரிய கஷ்டம், கூடவே கடலுக்குப் போகும் அக்காவின் தம்பி மேலேயே கணவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "உன்ன வுட்டா வேற யாருக்குடா அந்தப் பூட்டைத் தொறக்கத் தெரியும்?" என்று தெருவே பார்க்கச் சட்டையைப் பிடித்தார். அன்று போன தம்பி அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. அக்கா இரண்டு பேருக்காகவும் அழுதுகொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குடோன். மெக்கானிக் ஷெட் என்று சொல்லிப் புதிதாகச் சிலர் வாடகைக்கு வந்திருந்தார்கள். முன் கதவு எப்போதும் மூடியே இருக்கும். பின் முற்றம் எங்கள் மாடியிலிருந்து மட்டும்தான் தெரியும். அன்றைக்கு எட்டிப் பார்த்தால், வெயிலில் வரிசையாகப் படகு இன்ஜின்கள்! ஒருத்தன் குத்துக்காலிட்டு ஒரு இன்ஜின் மூடியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் பெயிண்டில் எழுதிய பெயர் பாதி அழிந்திருந்தது. மீதி எழுத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அக்கா தன் கையாலேயே எழுதிய மகள் பெயர் அது.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம். ஆனால் அவர் கணவர் கோபக்காரர், கையில் கிடைத்ததோடு பாய்ந்துவிடுவார். குடோன் ஆட்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். காட்டிக்கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? அப்போதுதான் மார்க்கெட் பக்கம் போலீஸ் வைத்த பேனரை போனில் படம் எடுத்தது நினைவுக்கு வந்தது. 'தகவல் சொல்லுங்கள், பெயர் சொல்ல வேண்டாம்' என்று நம்பர் போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் டவர் கிடைக்காது. தண்ணி டேங்க் ஓரமாக நின்றே நம்பரைப் போட்டேன்.

எடுத்தது ஒரு பெண். "பேர் வேணாம்மா. என்ன பார்த்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நான் தெருப் பெயரையும் மெக்கானிக் ஷெட் குடோனையும் சொல்லி, "திருட்டு இன்ஜின்..." என்று கிசுகிசுத்ததுதான் தாமதம், காற்றில் எனக்கு மறைப்பாக இருந்த போர்வை பறந்துவிட்டது. கீழே இருந்தவன் நிமிர்ந்தான்.

"இன்னாக்கா, இங்கயே பாத்துகினு கீறே?"

எப்படித்தான் வந்ததோ, "ஒண்ணுமில்லப்பா, எங்க அக்கா லைன்ல கீது. மீனு கேக்குது" என்றேன். போனில், "ஆமாக்கா, கொடுவாதான். பெருசு பெருசா கீது" என்றேன்.

எதிர்முனையில் அந்தப் பெண் மெதுவாக, "அவங்க பக்கத்துல இருக்காங்களா?"

"ஆமாக்கா."

"கொடுவான்னா இன்ஜின். எத்தனை?"

"ஆறு!"

"அந்தக் குடோனுக்குப் பின்னாடியா?"

"ஆமாக்கா. சீக்கிரம் வா. செதிலைச் சுரண்டிகினு கீறாங்க, அப்பறம் எது எந்த மீனுன்னே தெரியாது."

அந்தம்மா சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. "புரிஞ்சுதும்மா. நீங்க கீழே போயிடுங்க."

கீழே அவன் இளித்தான். "எனக்கும் ஒண்ணு சொல்லேன்க்கா!"

"உன் வாசலுக்கே வரும்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சந்து வழியாகத் தெரியும் குடோன் வாசலில், பழைய இரும்பு வாங்க வந்தது போல ஒரு மினி வேன் வந்து நின்றது. லுங்கி கட்டிய ஆட்கள் இறங்கினார்கள். கதவு திறந்ததும் ஒரே கூச்சல்! எல்லாரும் மப்டியில் வந்த போலீஸ். அந்த உப்புத்தாள்காரன் எங்கள் பக்கச் சுவரில் ஏறி ஒரு காலைப் போட்டுவிட்டான். நான் சமையலறை ஜன்னலில் கரண்டியோடு நிற்கிறேன். சுடிதார் போட்ட பெண் போலீஸ் ஒருத்தர் பாய்ந்து அவனது மற்ற காலைப் பிடித்து இழுத்தார் பாருங்கள், சத்தம் போடாமல் குதித்தேன்!

தெருவே கூடிவிட்டது. அக்காவின் கணவர் மஞ்சள் எழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு போனை எடுத்தார். மன்னிப்பெல்லாம் அவருக்குக் கேட்கத் தெரியாது. "டேய், வாடா. கடலுக்குப் போலாம்" என்றார். குரல் உடைந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் தம்பி வந்து நின்றான். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "யாரோ போன் பண்ணாங்களாம்மே. யாருன்னே தெரில" என்று அழுதார். நான்தான் என்று சொல்லாமல் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் சர்ச்சுக்குக் கூட்டிப்போய், அந்த முகம் தெரியாதவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். "நீயும் அவங்களுக்காக வேண்டிக்கோ" என்றார். எனக்காக நானே எப்படி வேண்டிக்கொள்வது? கண்ணை மூடி, என் பெயரைக் கேட்காமலே என் பயத்தைப் புரிந்துகொண்ட அந்த போன் அம்மாவுக்காக வேண்டிக்கொண்டேன். அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவர்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரிப்பதை எதிர் வாசலிலிருந்து பார்க்கும்போதெல்லாம், யாருக்கும் தெரியாமல் செய்த ஒரு நல்லது மனசுக்குள் இவ்வளவு சத்தமாகச் சந்தோஷப்படுமா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.