குவைத்தில் இருந்தவரின் கடன்

கடன் தகவல் அறிக்கை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. சட்டக் கல்லூரியில் யாரும் மூச்சு விடவில்லை. இரண்டாயிரங்களின் ஆரம்பத்தில், கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு ஹட்டனில் அலைந்த புதுசில், என் கைக்கு வந்ததெல்லாம் பிறப்புச் சான்றிதழ்த் திருத்தமும் தாபரிப்புப் பண வழக்கும்தான். கொழும்பிலிருந்து ஒரு சட்ட உதவி அமைப்பு வந்து, கடன் பதிவில் பிழை நேர்ந்தவர்களுக்காக வாதாட மலைநாட்டு லோயர்மாருக்குப் பயிற்சி தருகிறோம் என்றது. பகல் சாப்பாடு உண்டு என்பதால்தான் நான் போனேன் என்று என் கூட்டாளிகள் இன்றைக்கும் கிண்டலடிப்பார்கள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

பயிற்சி சனிக்கிழமைகளில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் நடந்தது. கீழே பாண் வேகும் வாசம், மேலே சட்டம். பசிக்காமல் என்ன செய்யும்? சொல்லித்தந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் நல்ல பெயரெடுத்த பெண் வழக்கறிஞர். விஷயத்தை அவர் எளிமையாகத்தான் சொன்னார். கடன் வாங்கியவர் ஒழுங்காகக் கட்டுகிறாரா இல்லையா என்று வங்கிகள் ஓர் இடத்துக்கு அறிவிக்கும். அங்கே அது பதிவாகும். பிறகு நாம் எந்த வங்கிப் படி ஏறினாலும் அதைப் பார்த்துத்தான் முகம் கொடுப்பார்கள். பதிவு பிழையென்றால் கடன் கொடுத்த வங்கியிடம் முதலில் முறையிட வேண்டும்.

பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தார். இடப்பக்கம் 'என் கடன் இல்லை' என்று எழுதினார். வலப்பக்கம் 'என் கடன்தான், விவரம் பிழை' என்று எழுதினார்.

"எந்த வழக்கு வந்தாலும் இந்த ரெண்டில ஒண்டுக்கதான் விழும். அதைத் தெரிஞ்சுகொண்ட பிறகுதான் பேனையைத் தொடோணும்," என்றார்.

நானும் தலையாட்டினேன். அவ்வளவு தெளிவு எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை உண்மையான கட்சிக்காரர் ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவர், அப்போதுதான் குவைத்தில் வீட்டுவேலை முடித்துத் திரும்பியிருந்தார். ஹட்டன் பஜாரில் ஒரு தையல் கடை கைமாறுவதாக இருந்தது. அதை எடுத்து நடத்த வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. சேர்த்த காசு பாதிக்குத்தான் போதும், மீதிக்கு வங்கிக் கடன் கேட்டார். உங்கள் பெயரில் கட்டாத பழைய கடன் இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார்கள். கடைக்காரர் மாத முடிவுக்கு மேல் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் எல்லாருக்கும் முன்னால் அந்த அக்காவை உட்கார வைத்தோம்.

"இது உங்கட கடனோ?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"ஆமாங்க மிஸ்."

பயிற்சியாளரின் சோக்கு பலகையின் வலப்பக்கம் போனது.

"எப்ப எடுத்தனீங்கள்?"

"அப்ப நான் குவைத்துல இருந்தேங்க."

சோக்கு இடப்பக்கம் வந்தது. "அப்ப நீங்கள் எடுக்கேல்ல?"

"நாந்தாங்க மிஸ் எடுத்தேன்."

சோக்கு கோட்டின் மேலேயே நின்றது. எங்களில் ஒருவர் இருமினார். இந்தப் படித்தவர்களுக்கு என்ன வந்தது என்பதுபோல அக்கா எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நான்தானே அங்க போனேன்? பேரு தோட்டத்துல தானே இருந்துச்சு?" என்றார்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த எனக்கு அது புரிந்தது. லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவர் பெயராவது வேலைப் பதிவில் இருந்தால்தான் அங்கே குடியிருக்கலாம். அதனால் வெளிநாடு போகிறவர்கள் பெயரை எடுக்க மாட்டார்கள். தங்கச்சியோ மச்சாளோ அந்தப் பெயரில் வேலைக்குப் போவார்கள். கங்காணிக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், யாரும் அதைக் களவு என்று நினைப்பதில்லை. இந்த அக்காவின் தங்கை பல வருஷம் அக்கா பெயரில் கொழுந்து எடுத்திருக்கிறாள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு, சம்பளத்தில் பிடித்துக் கட்டும் கடன் ஒன்றை வீட்டிலிருந்த அக்காவின் அடையாள அட்டையைக் காட்டி எடுத்திருக்கிறாள். பிறகு மஞ்சட்காமாலையில் படுத்துவிட்டாள். சம்பளம் நின்றது, கடனும் நின்றது.

பயிற்சியாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாஸ்போட்டைக் காட்டினால் அலுவல் முடிஞ்சுது. கையெழுத்து வைச்ச நாளில இவா நாட்டிலயே இல்லை. இதைவிட நல்ல வழக்கு கிடைக்குமோ?"

ஆனால் அந்தப் பாஸ்போட் இன்னொன்றையும் சொல்லுமே! இவர் நாட்டில் இல்லையென்றால் மலையில் கொழுந்து எடுத்தது யார்? ஆள்மாறாட்டம் என்று தங்கையைப் பிடிப்பார்கள். காம்பரா போகும். அக்கா பெயரில் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த சேமலாப நிதியும் போகும். இதைச் சொன்னபோது பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கச்சிய மாட்டிவிட்டுட்டு எனக்கு அந்தத் தையல் கட வேணாங்க," என்று அக்கா எழுந்துவிட்டார்.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். இரண்டு நாள் கழித்துத் தங்கை என் அலுவலகத்துக்கு வந்தாள். மெலிந்த, வாயாடிப் பெண். உட்காரக்கூட இல்லை.

"அந்தக் கடன என் பேருக்கு மாத்திக் குடுங்க மிஸ். அக்காவுக்குக் கட கெடைக்கட்டும்."

"உன் பெயரில் விழுந்தால் உனக்கு எந்த வங்கியும் கடன் தராதே?"

"இப்ப மட்டும் கூப்பிட்டா குடுக்கிறாங்க?"

அப்படி ஒரு முறையீடு பயிற்சியில் எந்தப் பக்கத்திலும் இல்லை. பயிற்சியாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். தெரியவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். எனக்கும் தெரியவில்லை. சரி, மீதிக் கடனைத் தங்கை பேரில் புதுக் கடனாக எழுதிப் பழையதை அடைத்துவிடச் சொல்லிக் கேட்போம் என்று இருவரையும் அந்தக் கடன் கொடுத்த வங்கிக்குக் கூட்டிப்போனேன். பழைய கதை எதையும் வாயில் எடுக்க வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

வங்கி முகாமையாளர் சிங்களவர், நிதானமானவர். நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். குடும்பத்துக்குள் கடனை மாற்றிக்கொள்ள விரும்புகிறார்கள் என்றேன். அவர் தங்கையைப் பார்த்து, என்ன வேலை செய்கிறாய், எத்தனை வருஷமாக என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

தங்கை என் முகத்தைப் பார்த்தாள். மேசையில் கிடந்த அவள் விரல்களில் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை.

"வேல செஞ்சதே இல்லீங்கன்னு சொல்லுங்க மிஸ்," என்றாள்.

நான் அதைச் சிங்களத்தில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"பொய்ங்க! மழையிலயும் அட்டைக்கடியிலயும் இத்தன வருஷம் அவதான் மலைக்குப் போனா. நாந்தான் போகல. சொல்லுங்க மிஸ், அவருகிட்ட சொல்லுங்க!"

லோயராக நான் அதைச் சொல்லக் கூடாது, சொல்லாமல் இருக்கவும் மனசு வரவில்லை. அக்கா எனக்காகக் காத்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், தங்கையின் கையைத் தூக்கிக் காட்டி, தானே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். தங்கை, "ஏங்க்கா, ஏங்க்கா," என்று அழுதாள். முகாமையாளர் என்னிடம், இதில் நான் எதை எழுத வேண்டும் என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கும் என் நிலைமைதான்.

கடைசியில் உண்மையைத்தான் எழுதினார். பொலிசுக்குப் போகவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. சகோதரிகள் மீதியைத் தவணையில் கட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். அக்காவின் பதிவு திருத்தப்பட்டது, கடையும் கிடைத்தது. பயிற்சியாளர் அதை எங்கள் முதல் வெற்றி என்று அடுத்த வகுப்பில் சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்றேன், வென்றேனா தோற்றேனா என்று எனக்குத் தெரியவில்லை.

விஷயம் தோட்டத்துக்குப் போனதும் வேலைப் பதிவில் அக்கா பெயரை வெட்டினார்கள். தொழிற்சங்கத் தலைவர் போய்ப் பேசியதால் காம்பரா தப்பியது, அதுவும் அந்த வீட்டிலிருந்து ஒருவர் புதிதாக வேலைக்குச் சேர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த வருஷங்களின் சேமலாப நிதிக்கு நான் எழுதாத மனு இல்லை. வேலை செய்தவளின் பெயர் அதில் இல்லை, பெயருள்ளவர் வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்த மனுக்களில் ஒன்றில் கையெழுத்துப் போடத்தான் ஒரு சாயங்காலம் தங்கை வந்தாள். அன்றைக்குத்தான் சொந்தப் பெயரில் முதல் நாள் வேலை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு எல்லாரும் கூடி நின்றபோது, தோட்டத்து உதவி அதிகாரியாகப் புதிதாக வந்திருந்த சின்னதொரை இவளைப் புது ஆள் என்று முன்னால் கூப்பிட்டாராம்.

"ரெண்டு எலையும் ஒரு மொட்டும் எப்புடிக் கிள்ளணும்னு சொல்லிக் குடுத்தாரு மிஸ்," என்று சிரித்தாள்.

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்றது? பாத்துக் கத்துக்கிட்டேன்."