பாலத்துக்குக் கீழே நின்றவர்

1. வந்தவர்கள்

அன்றைக்கு எனக்குக் கழுத்து வலி தாங்கவில்லை. வருஷக்கணக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததில் கழுத்துப் பட்டை இல்லாமல் வேலை ஓடுவதில்லை. கடையைச் சீக்கிரம் மூடிவிடலாம் என்று எழுந்தபோது ஒரு அம்மாள் மாடியேறி வந்தார். பெயர் ஸ்டெல்லா. கூட அவருடைய அண்ணன் அந்தோணி.

உட்காரச் சொன்னேன். ஸ்டெல்லா நின்றபடியே செல்போனை நீட்டினார். திரையில் நான் செய்த படம். பாரிவாக்கத்தில் ஒரு புது அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் கூடத்தில் சுவர் நீளத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு வீட்டில் இவருக்குச் சமையல் வேலை. படத்தின் ஒரு மூலையை விரலால் பெரிதாக்கினார். பட்டாபிராம் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. காத்திருக்கும் கூட்டத்தில் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இவரு என் ஊட்டுக்காரரு சார். எப்போ எடுத்தீங்க இத?"

நான் வாய் திறப்பதற்குள் அந்தோணி விஷயத்தைச் சொன்னார். கணவர் பெயர் சேசுராஜ். லேத் பட்டறையில் வேலை. ஒரு நாள் காலையில் கிளம்பிப் போனவர் பட்டறைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடி, ஓய்ந்து பல வருஷம் ஆகிவிட்டது.

2. என் வேலை

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கேட்டலாக் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவன். வால்வு, கியர், காஸ்டிங், இதுதான். பிறகு ஒரு முதலாளி தன் ரிசப்ஷனில் மாட்ட, பேட்டை முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம் கேட்டார். ஒரே பிரேமில் அது அடங்காது. தண்ணீர் டேங்க் மேல் ஏறித் துண்டு துண்டாக எடுத்து ஒட்டிக் கொடுத்தேன். அவருக்குப் பிடித்தது. மற்றவர்களும் கேட்டார்கள்.

அதற்கப்புறம்தான் ஒரே இடத்தில் வெவ்வேறு வருஷங்களில் எடுத்ததை லேயர் லேயராக அடுக்க ஆரம்பித்தேன். இதைக் கம்பாசிட் என்பார்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குப் பின்னால் இன்றைய கண்ணாடிக் கட்டடம் நிற்கும். வெளிச்சமும் நிழலும் ஒரே பக்கம் விழும்படி பார்த்துக்கொண்டால் ஒட்டு தெரியாது. ஒட்டு தெரியாமல் செய்வதுதான் திறமை என்று இருந்தேன்.

பட்டாபிராம் படமும் அப்படித்தான். கேட்டும் கூட்டமும் பழையவை. மேலே போகிற மேம்பாலம் புதியது.

3. ஒட்டு

ஸ்டெல்லாவின் கணக்கு வேறு.

"பாலம் கட்றதுக்கு மின்னாடியே அவரு போய்ட்டாரு. இதுல பாலம் முழுசா கீது. அதுக்குக் கீழ நிக்கிறாரு. அப்போ இங்கதான் எங்கியோ கீறாரு சார்."

மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பத்திரிகையில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடலாம் என்று அந்தோணி சொல்ல, ஸ்டெல்லாவும் அழுது முடித்துச் சம்மதித்திருந்தார். இந்தப் படத்தைப் பார்த்த அன்றே அச்சகத்துக்குப் போய் வேலையை நிறுத்திவிட்டார். அதிலிருந்து, சமையல் முடிந்ததும் பஸ் பிடித்துப் போய்ப் பாலத்துக்குக் கீழே நிற்கிறாராம். அந்தோணி இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடு என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு போட்டோவை ஒட்டியது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

"ஒட்னா தெரியாதா?"

கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். பாலம் இருக்கிற லேயரை அணைத்தேன். பாலம் போய்விட்டது. வெறும் வானமும் மின்கம்பியும் மிஞ்சின. சேசுராஜ் சைக்கிளோடு அதே இடத்தில் நின்றார்.

இன்னொரு வாட்டி போடச் சொன்னார். போட்டேன். அணைத்தேன். கேட்கக் கேட்கச் செய்துகொண்டிருந்தேன். பழைய போட்டோ எடுத்த தேதியையும் காட்டினேன். அவர் காணாமல் போவதற்கு முந்தின வருஷம் அது. அந்தோணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டெல்லா திரையைத் தொட்டு, கோடு போட்ட அந்தச் சட்டையைக் காட்டினார்.

"இந்தச் சட்டை ஊட்லதான் சார் கீது. பொட்டில மடிச்சி வெச்சிகீறேன். இத போட்டுகினு அவரு போவல."

அதைப் படத்தில் பார்த்த அன்றே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அந்தோணி மெதுவாக, அப்படியென்றால் அச்சகத்துக்குச் சொல்லிவிடட்டுமா என்றார்.

"சொல்லு. ஆனா காலஞ்சென்றன்னு போடாத. பேர மட்டும் போடு. சேசுராஜ். அவ்ளோதான்."

பாலம் இல்லாத படம் ஒன்று வேண்டும் என்று ஸ்டெல்லா கேட்டார். பிரிண்ட் போட்டு, காய்ந்ததும் உறையில் வைத்துக் கொடுத்தேன். வாசல் கூடத்தில் இருக்கிற பெரிய படத்தை மாற்றித் தரச் சொல்கிறேன், தினமும் அதைத் தாண்டித்தானே போகவேண்டும் என்றேன். வேண்டாம், சமையல் வேலைக்கு வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன் என்றார். மாடிப்படியில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

4. கற்றது

அதற்குப் பிறகும் கம்பாசிட் செய்கிறேன். வேறு தொழில் தெரியாது. ஆனால் கட்டடங்களை எத்தனை வருஷத்திலிருந்து எடுத்தாலும், மனிதர்களை மட்டும் கடைசியாகப் படமெடுத்த நாளிலிருந்தே எடுக்கிறேன். இதனால் வேலை இரட்டிப்பு. மறுபடி போகவேண்டும், வெயிலில் நிற்கவேண்டும், சரியான கூட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டும். முழங்கால் ஒத்துழைப்பதில்லை. வாடிக்கையாளர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவும் தெரியாது.

படத்தில் எறும்பு அளவுக்குத்தான் ஆள் தெரிவார். இடத்தை நிரப்ப அவரைத் தூக்கி வைக்கிறோம். அந்த எறும்பைப் பெரிதாக்கிப் பார்க்க யாரோ ஒருவர் வருவார். எப்போது எடுத்தது என்று அவர் கேட்டால் சொல்ல உங்களிடம் ஒரே ஒரு தேதிதான் இருக்கவேண்டும்.