ஒயருக்கு ஒரு சர்டிஃபிகேட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டுக்கு ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார் சேகர். கீழ்க்கட்டளையில் புதிதாக ஆம்ப்ளிஃபயர் கடை போட்டிருப்பவர். என் டேப் டெக்கைச் சரிசெய்து கொடுத்த வகையில் பழக்கம்.

பையிலிருந்து அவர் எடுத்ததைப் பார்த்ததும் என் மனைவி ஓர் அடி பின்னால் போனாள். கறுப்பாக, கட்டைவிரல் பருமனில்... பாம்பில்லை. பவர் ஒயர்!

“கையாலயே முறுக்கினது சார். மூணு வாரம் ஆச்சு. ஆம்ப்ளிஃபயர்ல இத்தச் சொருகிக் கேளுங்க, பாட்டு எங்கியோ பூடும். புடிச்சிருந்தா உங்க பத்திரிகைல ஒரு வரி எழுதுங்க. கடை தொறந்ததுலேர்ந்து ஈ ஓட்டிகினு கீறேன்.”

ஒயரின் தரத்தை எப்படிப் பார்ப்பது? எனக்குத் தெரியாது. ஆனால், தெரியாது என்று சொல்லிவிட்டால் வாராவாரம் எழுதுவது எப்படி? கையில் வாங்கி எடை பார்த்தேன். வளைத்தேன். முகர்ந்தும் பார்த்தேன். ஜவுளிக்கடையில் பேன்ட் துணியை விரலால் கசக்குகிறோமே — என்ன தெரிகிறது நமக்கு? கசக்காமல் வாங்கினால் கடைக்காரர் ஏமாற்றிவிடுவார் என்ற பயம், அவ்வளவுதான்.

முதலில் பழைய ஒயரில் பாட்டு. உர்ர்ரென்று ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து பாடகர் சளி பிடித்த குரலில் பாடினார். சேகர் ஒயரை மாற்றினார். ஆஹா! இரைச்சல் போயே போச்சு. குரல் கணீரென்று வந்தது. தபலா தனியாக, வயலின் தனியாக...

“பிரமாதம் சேகர்! பாடறவர் மூச்சு விடறதுகூடக் கேக்குது!” என்று கத்தினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். மனதுக்குள் பாதிக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன்.

அப்போதுதான் மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, டேங்க் வழிஞ்சுது. நீங்க ஒயர் மாத்திக்கிட்டிருந்தப்பவே மோட்டாரை நிறுத்திட்டேன்.”

நானும் சேகரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பக்கத்து வோல்டேஜ் உங்களுக்குத் தெரியாததா? போர்வெல் மோட்டார் ஓடினால் டியூப்லைட்டே கண் சிமிட்டும்.

“திரும்பப் போடுங்கக்கா” என்றார் சேகர், ஈனஸ்வரத்தில். மோட்டார் ஓடியது. புது ஒயரிலும் அதே உர்ர்ர், அதே சளி.

அவர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். “எழுதாதீங்க சார். பொய்யாப் பூடும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. டேங்க் மட்டும் வழியாதிருந்தால் நான் எழுதித்தான் இருப்பேன். அதுவும் ஒரு வரியா? ஒரு பக்கம்!

மனைவி அந்த ஒயரை வாங்கினாள். வளைக்கவில்லை, முகரவில்லை. பிளக்கைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். அசையவில்லை. “கிரைண்டர் ஒயர் தொட்டாலே சுடுது. இது தாங்குமா?”

“இன்னாக்கா இப்டி கேட்டுட்டீங்க! உள்ள அத்தினியும் சுத்தமான காப்பர்க்கா!” சேகர் முகத்தில் மறுபடி உயிர் வந்தது. அங்கேயே ஒரு முனையை வெட்டி, கிரைண்டரில் சேர்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ஒரு வாரமாக மாவு அரைபடுகிறது. நானும் ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சூடே இல்லை. ஆகவே, அவர் கேட்ட ஒரு வரியை மனசாட்சியோடு எழுதுகிறேன்: கீழ்க்கட்டளை சேகர் செய்யும் ஒயர் சூடாகாது.

அதில் பாட்டு எப்படிக் கேட்கும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள் — மோட்டார் சுவிட்ச் என் மனைவி கையில் இருக்கிறது.