ஊன்றாத கால்

என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லைனில் வரும் பீஸை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். வீட்டிலும் அதே குணம்தான். நான் வாங்கிவரும் கத்திரிக்காயை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துவிட்டு, "இத்த எவன் உன் தலைல கட்னான்?" என்பார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு இடது இடுப்பில் ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு முனை நொறுங்கிவிட்டது. மூட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் மாதிரிக்கு ஒரு செயற்கை மூட்டைக் கையில் கொடுத்தார். மற்றவர்கள் வலிக்குமா என்று கேட்பார்களாம். இவர் நொண்டிக்கொண்டே ஜன்னலோரம் போய் அதன் உருண்டையை நகத்தால் தடவிப் பார்த்தார். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எக்ஸ்ரேவிலும் குறையில்லை. தாராளமாக ஊன்றி நடக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சனி பிடித்தது. பயிற்சி கொடுக்கத் தண்டலத்திலிருந்து ஒரு பெண் வருவாள். படுத்தபடி செய்யச் சொன்னதையெல்லாம் மனுஷன் ஒழுங்காகச் செய்வார். எழுந்து நின்றால் மட்டும் பாரம் முழுக்க வாக்கரிலும் வலது காலிலும்தான். இடது கால் தரையைத் தொட்டுக்கொண்டு சும்மா நிற்கும். முகமெல்லாம் வியர்த்துக் கொட்டும்.

"வலிக்குதா சார்?"

"வலியெல்லாம் இல்லம்மா."

"அப்புறம் இன்னா சார்? ஊனலன்னா தொடை சூம்பிடும். அப்பால நடக்கவே முடியாது."

"தெரியும்மா" என்பார்.

கெஞ்சினேன், திட்டினேன், சிங்கப்பெருமாளுக்கு வேண்டிக்கொண்டேன். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் வாக்கரையே பிடுங்கப் போனேன். இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விட்டுவிட்டேன். தொடை நாளுக்கு நாள் மெலிவது என் கண்ணுக்கே தெரிந்தது. பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. அழுகை அழுகையாக வந்தது.

ஒரு சாயங்காலம் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் நல்லா கீதுன்றாரு, எக்ஸ்ரேவுல நல்லா கீது. உங்களுக்கு மட்டும் இன்னாங்க பயம்?" என்றேன்.

காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இதுக்குள்ள வெச்சிகீற மூட்டையும் எவனோ ஒருத்தன் பாத்துத்தான அனுப்பியிருப்பான்? ஷிஃப்டு முடிஞ்சி ஓ.டி.யும் பாத்துகினு, கண்ணு சொக்கிப்போயி, சூப்பர்வைசர் பின்னால நின்னுகினு அனுப்பு அனுப்புன்னு கத்துனா, நான் எத்தினி பீஸு பாக்காமயே ஓகே போட்டுகீறேன், உனுக்குத் தெரியுமா?"

நான் போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவன் அப்டி செஞ்சிருக்க மாட்டான்ல?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

மாட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை.