அக்காவின் டோக்கன் எண்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. தொழிலாளர் பதிவேட்டில் யார் எதை அழிக்கலாம், ஒன்றை அழித்தால் அதைச் சார்ந்த எதெல்லாம் சேர்ந்து போகும் என்று விதிகள் உண்டு. அவற்றைப் பதிவேட்டின் நகலில் சோதித்துச் சொல்வது என் பொறுப்பு.

கம்பெனி ஒவ்வொரு தொழிலாளிக்கும் தரும் டோக்கன் எண்களில், சோதனைக்கு, வேலையில் இல்லாதவர்களுடையதைத்தான் போடுவோம். "போனவங்க நம்பரைப் போடு பா, யாரும் வந்து கேக்க மாட்டாங்க" என்பார் என் சீனியர். அவர் தந்த பட்டியலில் நான்காவது எண் எனக்கு மனப்பாடம். கேன்டீனில் மாறிப்போகாமலிருக்க எங்கள் வீட்டு டிபன் பாக்ஸ் மூடியில் ஆணியால் கீறிய எண் அது. தையல் பிரிவில் பன்னிரண்டு வருடம் மெஷின் மிதித்த என் அக்காவுடையது. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனாள். கம்பெனிக்கு, ராஜினாமா செய்தவளும் செத்தவளும் ஒன்றுதான். இருவருமே 'போனவர்'.

நகலில் கிளார்க்கின் பாஸ்வேர்டில் நுழைந்து அழிக்கப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றது. சூப்பர்வைசராக நுழைந்தேன். இவரைச் சார்ந்து இன்னொரு பதிவு இருக்கிறது, அழிக்க முடியாது என்றது. இரண்டும் சரியான பதில்தான். அது என்ன பதிவு என்று திறந்தேன். ஆதரவில் இருப்பவர்: தம்பி, படிக்கிறான். பக்கத்தில் என் பெயர். மூன்று வருடமாக அதே கட்டடத்தில் சம்பளம் வாங்குகிறேன், அவள் அதை மாற்றவே இல்லை. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

மூன்றாவது சோதனை பாக்கி. மேலாளரின் அனுமதியில் அழித்தால் சார்ந்த பதிவும் சேர்ந்து போக வேண்டும். சரியென்று நான் எழுதிக் கொடுத்த பிறகுதான் நிஜப் பதிவேட்டில் போனவர்களை நீக்குவார்கள். ஓட்டிப் பார்க்காமலே 'தவறு' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பொய் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

சீனியர் தானே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "நல்லாத்தானே ஓடுது? உனக்கு இன்னா ஆச்சி?" என்றவர், திரையில் என் பெயரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"நீ லீவு போட்டுக்க பா. நான் அழிச்சிர்றேன்."

"வேணாம் சார், நானே பண்றேன்."

திங்கட்கிழமை காலை, மேலாளரின் அனுமதியில், நிஜப் பதிவேட்டில் அவள் எண்ணை அடித்து நீக்கினேன். இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன என்று வந்தது. ஒன்று அவள். மற்றது, அவள் ஆதரவில் இருந்த நான்.