மூட்டைக்கு ஏது விலா

நடந்ததைத்தான் எழுதுகிறேன். நம்பாதவர்கள் லிங்கராஜபுரம் வந்தால் அந்தத் தகர ஷெட்டைக் காட்டுகிறேன். மூட்டை இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

எனக்குப் பேய் பயம் கிடையாது. அம்மா கட்டட வேலையில் கலவைச் சட்டி சுமப்பவள். நான் சாரத்துக்குக் கீழே வளர்ந்தவள். மேலிருந்து ஆள் விழுந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அங்கேயே கலவை கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஆவியும் எழுந்து வரவில்லை. செத்தவர்கள் செத்தவர்கள்தான் என்று இருந்தேன்.

போன மழைக்காலம் வரை.

அந்த ஷெட்டில்தான் நான் பாக்ஸிங் பழகுகிறேன். மாஸ்டர் மைக்கேல்ராஜ் பகலில் வேன் ஓட்டுவார், காலையிலும் சாயங்காலமும் எங்களை ஓட்டுவார். எங்கள் பஞ்சிங் பேக் கடையில் வாங்கியது இல்லை. ரெக்சின் உறைக்குள் பழந்துணி அடைத்து, வாயைக் கோணி ஊசியால் தைத்து, சங்கிலியில் தொங்கவிடுவோம். எங்கள் பேச்சில் அது மூட்டை. மணல் போட்டால் கீழே இறங்கிக் கல்லாகி, மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும். துணிதான் சரி. அதிலும் பருத்திச் சேலை என்றால் அடைத்தது அடைத்தபடி நிற்கும்.

அந்த முறை மூட்டை தளர்ந்து போயிருந்தது. நானும் என்னோடு பழகும் ஜூலியாவும் வீடு வீடாகப் பழந்துணி கேட்டுப் போனோம். இருவருக்கும் அந்தத் தெருக்களில் யாரையும் தெரியாது. நான் விவேக் நகரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் வீடு அல்சூரில். கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். யாருடைய துணி என்று கேட்பதில்லை.

பின் தெரு மாடி வீட்டில் சந்திரன் என்பவர் ஒரு கோணிப்பை நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

"எல்லாம் அவளோடது. ஊருக்குப் போய்ட்டா. எடுத்துட்டுப் போங்கம்மா."

நல்ல பருத்திச் சேலைகள். இறுக்கி அடைத்தோம். நான்தான் தைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் தேர்வு. மாநிலப் போட்டிக்கு எங்கள் எடையில் ஒருத்தியைத்தான் மாஸ்டர் அனுப்புவார். நானா, ஜூலியாவா என்பதை ரிங்கில் முடிவு செய்வார். அங்கே மெடல் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப் போடலாம். சட்டி சுமந்து சுமந்து அம்மாவுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அவள் தலையிலிருந்து அந்தச் சட்டியை இறக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

என்னிடம் ஒரு குறை. என் இடது கைக் குத்து விலாவில் சரியாக விழுந்தால் எதிராளிக்கு 'ஹக்' என்று மூச்சு போகும். அதைக் கேட்டதும் நின்றுவிடுவேன். முகத்தைப் பார்ப்பேன்.

"நீ என்ன நர்ஸா?" என்பார் மாஸ்டர். "சத்தம் வந்தா பாதி வேலைதான் ஆச்சு. அதே எடத்துல இன்னொண்ணு வை. நிக்காதவதான் ஃபைட்டர்."

புது மூட்டையில் முதல் நாள். விடிகாலை ஐந்தே முக்கால். நான் மட்டும்தான் வந்திருந்தேன். சங்கிலி கிரீச்... கிரீச்... என்றது. இடது கையால் ஒன்று வைத்தேன். பட்டது. இரண்டாவது வைத்தேன்.

கை போய்ச் சேரும் முன்பே மூட்டை ஒதுங்கியது.

காற்று என்று நினைத்தேன். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

ஜூலியாவிடம் சொன்னேன்.

"உன் மூஞ்சியப் பாத்துட்டு ஒதுங்குது போல," என்றாள். "எனக்கு நல்லாத்தான் நிக்குது. ஜெபம் பண்ணிட்டுக் குத்துடி."

மறுநாள் மூட்டையைக் கட்டிப்பிடித்து நிறுத்தினேன். வெளியே மழை. தகரம் ஜில்லிட்டுக் கிடந்தது. மூட்டை மட்டும் சூடாக இருந்தது. காய்ச்சல்காரி உடம்பு போல.

அன்றுதான் கவனித்தேன். வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே சந்திரன் நின்றுகொண்டிருந்தார். கையில் பால் பாக்கெட். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"நல்லா குத்தறீங்கம்மா," என்றார். "இடது கையால, விலாவுல வைங்க. அங்கதான் சுருண்டு உக்காரும். எனக்கும் இடது கைதான்."

போய்விட்டார்.

மூட்டைக்கு ஏது விலா?

அதற்குப் பிறகு தினமும் வந்தார். நின்றார். பார்த்தார். அவர் நிற்கும்போதெல்லாம் மூட்டை லேசாக நடுங்கியது. நான் தொடாமலேயே.

சனிக்கிழமை முழு பலத்தோடு ஒன்று வைத்தேன்.

'ஹக்.'

உள்ளேயிருந்து. பெண்ணின் மூச்சு.

கையை இறக்கிவிட்டேன். பின்னால் மாஸ்டர்.

"மூட்டைக்கே பாவம் பாக்கறியா? நாளைக்கு ஒரு தடவ நின்னாலும் ஜூலியாவத்தான் அனுப்புவேன். எங்கிட்ட அழக்கூடாது."

அன்று இரவு அம்மாவின் கழுத்தில் தைலம் தேய்த்துவிட்டேன். அவள் முனகினாள். எந்தச் சத்தம் கேட்டாலும் இனி நிற்பதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஞாயிறு. ஐந்து நாற்பது. முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். கம்பிக் கதவுக்கு வெளியே யாரும் இல்லை.

கைக்கட்டைச் சுற்றிக்கொண்டு மூட்டை முன்னால் நின்றேன். இன்று சூடு இல்லை. நடுக்கம் இல்லை. இடது கையால் விலாவில் வைத்தேன்.

ஒதுங்கவில்லை.

இன்னொன்று.

மூட்டை என் பக்கம் வந்தது. வா, இன்னும் வை என்பது போல...

வைத்தேன்.

'ஹக்.'

இந்த முறை ஆணின் மூச்சு.

நான் நிற்கவில்லை.

தொம்... தொம்...

"போதும்..."

தெளிவாகக் கேட்டது.

"போதும்மா..."

தொம்.

அதே இடம்.

தொம்.

உள்ளே ஏதோ நொறுங்கியது. துணி நொறுங்குமா?

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. சங்கிலிகூட ஆடவில்லை.

எட்டு மணிக்கு ரிங்கில் இறங்கினோம். மூன்று ரவுண்டிலும் நான் நிற்கவில்லை. ஜூலியாவுக்கு மூச்சு போனபோதும் நிற்கவில்லை. மாஸ்டர் என் கையைத்தான் தூக்கினார்.

"இன்னிக்கு உன் கண்ணே சரியில்லடி," என்றாள் ஜூலியா. "நானான்னு பாத்துதான் அடிச்சியா?"

வெளியே வந்தபோது பின் தெருவில் கூட்டம். சந்திரன் மாடிப்படிக்குக் கீழே கிடந்தார். மேல் படியில் பால் பாக்கெட் உடைந்து, பால் கடைசிப் படிவரை வழிந்திருந்தது.

"ஜாரி பித்திதாரே, அஷ்டே," என்றார் போலீஸ்காரர் கன்னடத்தில். வழுக்கி விழுந்துவிட்டார், அவ்வளவுதான்.

கீழ் வீட்டு அக்கா ஒருவர், பெயர் ஜானகி, எங்களை ஓரமாக இழுத்தார்.

"இவன் பொண்டாட்டியும் இதே படிலதான். ரெண்டு மாசம்கூட ஆகல. வழுக்கி விழுந்துட்டதா சொல்லி முடிச்சிட்டாங்க. குளிப்பாட்டினவ நானு. வலது விலா முழுக்கக் கறுத்துப் போயிருந்துச்சு. இப்ப இவனப் பொரட்டறப்போ பாத்தேன். அதே பக்கம். அதே மாதிரி."

"நீங்க ஏதாவது கேட்டீங்களாக்கா?" ஜூலியாதான் கேட்டாள்.

"ஆறு மணி இருக்கும். தொம்மு தொம்முன்னு அடி விழுந்துச்சு. கதவத் தொறந்து பாத்தா படில இவன் மட்டும் நிக்கறான். வேற ஆளே இல்ல. யாரப் பாத்துச் சொன்னானோ, போதும், போதும்மான்னு கத்தினான்..."

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கப்பறமும் அடி நிக்கலம்மா."

ஜூலியா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் 'போதும்' கேட்ட பிறகு எத்தனை வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.