அட்டையோடு கிழிந்த முகப்புகள்

சிவகாசியில் அப்பா வேலை பார்த்த பழைய காகிதக் கிட்டங்கிக்கு, மூடிப்போன கிறிஸ்தவ குருமடம் ஒன்றின் நூலகம் லோடாக வந்து இறங்கியது. பட்டாசு வெடிக்குக் காகிதக் குழாய் சுற்ற உள்தாள் மட்டும் போதும். தோல் அட்டையைப் பிய்த்து எறிவார்கள். அதோடு முகப்புத் தாளும் கிழிந்து வந்துவிடும். அப்படிக் குப்பையில் கிடந்தவற்றை நான் எடுத்துச் சேர்த்தேன்.

கறுப்பும் சிவப்புமாக எழுத்து. தூண்கள், மேகம், மேகத்தைப் பிளந்து இறங்கும் தேவதூதர்கள், எல்லாம் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்டவை. லத்தீன் மொழி, இறையியல் வாதங்கள், முந்நூறு வருஷத்துப் பழசு என்று பள்ளியில் ஆசிரியை சொன்னார். ரோமன் எண்ணில் இருந்த ஆண்டை நானே கூட்டிப் படிப்பேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலண்டர் படம் தவிர வேறு படம் இல்லாத தெருவில் இவை என்னிடம் மட்டும் இருந்தன. அந்தக் கர்வம் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பெண் பார்க்க வந்த அன்று, சேலைகளைப் பார்க்கிறேன் என்று மாப்பிள்ளையின் அம்மா என் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மேலாக இருந்தது சிலுவை போட்ட தாள்.

"என்ன மதினி, பிள்ளை ஏசு வேதத்துல சேந்துட்டாளா? முன்னாடியே சொல்லியிருந்தா பஸ் சார்ஜாவது மிஞ்சியிருக்குமே."

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "ஐயய்யோ, அது வேஸ்ட் பேப்பரு மதினி. குழாய் சுத்த வச்சிருக்கோம்."

"இம்புட்டுப் பத்திரமாவா? துணியில பொதிஞ்சு?"

"இந்தா, இப்பவே சுத்திக் காட்டுறேன், பாருங்க."

வீட்டில் கூலிக்குக் குழாய் சுற்றும் கம்பியும் பசையுமாக அம்மா அவர்கள் எதிரில் உட்கார்ந்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா" என்றேன்.

"சும்மா இருடீ."

தாள் கெட்டி, வளையவில்லை. தண்ணீர் தொட்டு நனைத்து, பலகையில் அழுத்தி உருட்டினாள். தேவதூதர்கள் உள்பக்கமாகப் போனார்கள்.

"கை நல்லாத்தான் ஓடுது. மகளுக்கும் வருமா?" மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார்.

"எனக்குச் சுத்த வராது. உங்க வீட்டுக்கு நானும் வரலை" என்றேன்.

காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அம்மா கையை நிறுத்தவில்லை. பெட்டியில் இருந்த கடைசித் தாள் வரை சுற்றினாள்.

மறுநாள் குழாய் எடுக்க வந்த பட்டாசுக் கம்பெனி ஆள், "நீளம் ஒண்ணுக்கொண்ணு சேரலையே, யக்கா" என்று அவற்றை ஒதுக்கிவிட்டான். அம்மா அடுப்பில் வைத்தாள். அன்றைய சோறு அதில்தான் வெந்தது. பசி தாங்காமல் நானும் சாப்பிட்டேன்.